முதல் நிரல்மொழி: வடசென்னையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2019-ல் பி.காம். முடித்த கையோடு 48,000 ரூபாய்க்குப் புரோகிராமிங், அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது பாதி, இஎம்ஐ பாதி. மூன்று மாதத்தில் ஜாவா, எச்டிஎம்எல், டேட்டாபேஸ், ரியாக்ட் என்று எல்லாவற்றையும் ஓட்டிவிட்டார்கள். அவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினேன், ஓடியது. வீட்டுக்கு வந்து காலித் திரையைத் திறந்து, பத்து எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. அதன் பிறகும் ஒரு வருடம் வீணானது. யூடியூபில் யாராவது "இந்த வருஷம் இந்த மொழிதான்" என்று சொன்னால் அதற்குத் தாவுவேன். சி மொழியில் பாயின்டர் என்ற கடினமான பாடம் வந்ததும் ஜாவாவுக்கு ஓடினேன், ஜாவாவில் கிளாஸ் என்ற பாடம் வந்ததும் ஜாவாஸ்கிரிப்டுக்கு.

2021-ல் ஒரு பைசா கட்டணம் இல்லாமல், அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப்பிலேயே நான்கு மாதத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றேன். இன்று ஒரு கம்பெனியில் டெஸ்டிங் ஆட்டோமேஷன் வேலை, அதாவது மென்பொருளைச் சோதிக்கும் புரோகிராம் எழுதுவது. தெருவில் பிள்ளைகள் "அக்கா, எது படிக்கிறது? எங்க சேர்றது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் கட்டிய அந்த இஎம்ஐ இன்னொரு வீட்டில் கட்டப்படக் கூடாது.

1. "கம்ப்யூட்டர் கோர்ஸ்" வேறு, புரோகிராமிங் வேறு

தெருமுனை சென்டரில் டி.சி.ஏ., டேலி, எம்.எஸ். ஆபீஸ் என்று போர்டு இருக்கும். டைப்ரைட்டிங் முடித்தவர்கள் அரசு வேலைக்காக சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினித் தேர்வு எழுதுவார்கள். எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் இவற்றில் புரோகிராமிங் கிடையாது, அல்லது இரண்டு வாரம் சி-யை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவார்கள். டைப்பிஸ்ட், கணக்கர் வேலை வேண்டுமென்றால் அங்கே போங்கள். மென்பொருள் எழுதும் வேலைதான் நோக்கமென்றால் அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள். இந்தக் குழப்பத்திலேயே ஆறு மாதம் தொலைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும்.

2. மொழியைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும்

இதற்கு மேல் செலவிடாதீர்கள். உங்கள் நிலைமை கீழே எதில் வருகிறது என்று பாருங்கள்.

எந்தத் திட்டமும் இல்லை, முதலில் கோடிங் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்: பைத்தான். பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். எழுத்து குறைவு, கண்ணால் பார்த்தாலே பாதி புரியும். டேட்டா வேலை, டெஸ்டிங், இணையதளத்தின் பின்பக்க வேலை என்று பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கைகொடுக்கும்.

இணையதளம் செய்ய ஆசை, செய்தது உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும்: பக்கத்தின் அமைப்புக்கும் தோற்றத்துக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மூன்று வாரம், பிறகு ஜாவாஸ்கிரிப்ட். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். குரோமில் எஃப்12 அழுத்தி கன்சோல் பக்கம் போனால் அங்கேயே எழுதி ஓட்டலாம்.

கல்லூரியில் இந்த செமஸ்டரிலேயே ஒரு மொழி பாடமாக இருக்கிறது: அந்த மொழிதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு எந்தப் பிரிவாக இருந்தாலும் முதல் செமஸ்டரில் பைத்தான் பாடம் உண்டு. கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.சி.ஏ. என்றால் பல இடங்களில் சி-யில் தொடங்குவார்கள். பரீட்சைக்கு ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு குதிரையில் ஒரே நேரத்தில் ஏறாதீர்கள்.

ஆண்ட்ராய்டு ஆப் செய்ய வேண்டும்: கோட்லின். ஆனால் நல்ல லேப்டாப் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நகராது. 8 ஜிபி ரேம் இல்லாதவர்கள் முதலில் பைத்தானில் அடிப்படையை முடித்துவிட்டு அங்கே போங்கள்.

வீட்டில் 8, 10 வயதுப் பிள்ளை இருக்கிறது: ஸ்கிராட்ச். எம்ஐடி உருவாக்கியது, இலவசம். கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும்.

"எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று பின்வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் வழிதான். பைத்தான் மொழிக்கென்று ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35. பழைய தரத்துச் சி-யில் 32. இஃப், எல்ஸ், ஃபார், வைல் மாதிரி இவ்வளவுதான். மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களுக்கு, நீங்கள் வைக்கும் பெயர் உங்கள் இஷ்டம். பைத்தான் 3-ல் தமிழ் எழுத்திலேயே மாறிப் பெயர் வைக்கலாம், ஓடும். முழுக்கத் தமிழ்ச் சொற்களால் ஆன எழில் என்ற மொழியும் இருக்கிறது. லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, தமிழில் பிடிபட வேண்டுமென்றால் இரண்டு நாள் அதில் விளையாடிப் பார்க்கலாம். வேலைக்கு என்று வரும்போது பைத்தானுக்கு வந்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்தாயிற்றா? இன்றைய தேதியைச் சுவரில் எழுதுங்கள். 100 நாள் மொழியை மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மாறி, நிபந்தனை, லூப், ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு), லிஸ்ட் (பட்டியல்) ஆகிய ஐந்தும் ஏறக்குறைய எல்லா மொழியிலும் ஒன்றுதான். முதல் மொழிக்கு நான்கு மாதம் பிடித்த எனக்கு, இரண்டாவதாக ஜாவாவுக்குப் போனபோது ஐந்து வாரம்தான் பிடித்தது.

3. லேப்டாப்: புதிது வாங்காதீர்கள்

முதல் மூன்று மாதத்துக்குப் பைத்தான் கேட்பது மிகக் குறைவு. அண்ணன், அக்கா யாராவது பன்னிரண்டாவதில் வாங்கிய அரசு லேப்டாப் பீரோ மேல் கிடந்தால் முதலில் அதை இறக்குங்கள். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரில் போட்டபடியே ஓட்டலாம். என்னுடையதில் 2 ஜிபி ரேம். அதை 4 ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட 2021-ல் எனக்கு 3,100 ரூபாய் ஆனது. வேகத்தில் உண்மையான மாற்றம் தந்தது எஸ்எஸ்டிதான், முதலில் அதைப் போடுங்கள்.

பழைய விண்டோஸ் 7 இருந்தால் ஒரு பொறி உண்டு. பைத்தான் 3.9-ம் அதற்கு மேலும் விண்டோஸ் 7-ல் ஏறாது. கடைசியாக ஏறுவது 3.8. நான் இது தெரியாமல் இரண்டு நாள் திரும்பத் திரும்ப டவுன்லோட் செய்து டேட்டாவைத் தீர்த்தேன். 3.8-ஐப் போடலாம், அல்லது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றலாம், அதில் பைத்தான் கூடவே வரும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கற்பதற்கு அதனால் தடை இல்லை, ஆனால் அந்த லேப்டாப்பில் வங்கி வேலை பார்க்காமல் இருப்பது நல்லது.

வீட்டில் எதுவும் இல்லை, வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரிச்சி தெரு. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எங்கிருந்தும் மெட்ரோவில் ஏறி வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும். ஏதாவது ஒரு வார நாளில் காலையில் போங்கள். செகண்ட் ஹேண்டில் கேட்க வேண்டியது: ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆபீஸ்களில் பயன்படுத்தி வெளியே வந்த மாடல்கள் உறுதியானவை. கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கீயும் தட்டுங்கள், வைஃபையைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள், சார்ஜரைக் கழற்றி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். சீரியல் எண் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுச் சரக்காக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

போன் மட்டும்தான் என்றால்? முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 என்ற ஆப், நெட் இல்லாமலும் பைத்தானை ஓட்டும். நெட் இருந்தால் பிரவுசரில் கூகுள் கோலாப். விரல் வலிக்கும், உண்மைதான். ஓடிஜி கேபிள் போட்டு ஒரு சாதாரண கீபோர்டை போனில் சொருகினால் நிலைமை பாதி சரியாகும். இரண்டாவது மாதத்துக்குள் ஒரு லேப்டாப்புக்கு வழி பார்த்துவிடுங்கள்.

4. நிறுவும்போது ஒரே ஒரு டிக்

பைத்தான்.ஆர்க் தளத்தில் மட்டும் எடுங்கள். விண்டோஸில் தனி இன்ஸ்டாலரை (standalone installer) எடுத்துத் திறந்ததும் முதல் திரையின் அடியில் "ஆட் பைத்தான் டு பாத்" என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுத்தான் அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். மறந்தால் பிறகு "பைத்தான் என்ற கட்டளை இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லும். எழுதுவதற்குப் பைத்தானோடு கூடவே வரும் ஐடில் என்ற எடிட்டர் போதும். விஎஸ் கோடு நல்ல எடிட்டர்தான், ஆனால் பழைய லேப்டாப்பில் கனக்கும். முதல் மாதம் வேண்டாம்.

சி படிப்பவர்கள் கவனிக்க: பல கல்லூரி லேபில் இன்னும் டர்போ சி-தான் நீல நிறத் திரையில் ஓடுகிறது. அது முப்பது வருடத்துக்கு முந்தைய கருவி. அதில் பழகும் கிளியர் ஸ்கிரீன் போன்ற கட்டளைகள், சி-யை ஓட்டும் இன்றைய இலவசக் கருவியான ஜிசிசி-யில் ஓடாது. லேப் பரீட்சைக்கு அவர்கள் கேட்கும்படி எழுதிக் கொடுங்கள், வீட்டில் ஜிசிசி-யில் பழகுங்கள்.

5. எங்கே கற்பது: ஒன்று முதன்மை, ஒன்று துணை

பத்து சேனலை சேவ் செய்து வைப்பது கற்பது ஆகாது. கீழே உள்ளவற்றில் ஒன்றை முதன்மையாகவும் ஒன்றைத் துணையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம். பலருக்கும் இது நினைவுக்கே வராது. தமிழ் வழிப் பதிப்பு உண்டு, பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் இலவசம், அச்சுப் புத்தகம் பழைய புத்தகக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் தேடுங்கள். ஆனால் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள்! முதல் நான்கு பாடங்களும் வேறு ஒரு எழுத்து முறையில் கருத்துகளைப் பேசுகின்றன. புதிதாக வருகிறவர் அங்கேயே களைத்துப்போவார். ஐந்தாம் பாடத்தில்தான் பைத்தான் தொடங்குகிறது. 5, 6, 7, 8, 9 என்று வரிசையாக முடியுங்கள். முதல் நான்கையும் மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் படித்தால் தேன் மாதிரி இறங்கும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சி++ இருக்கிறது, அது இப்போது வேண்டாம்.

ஸ்வயம் என்ற அரசுத் தளத்தில் நடக்கும் என்பிடெல் வகுப்புகள். ஐஐடி ஆசிரியர்களின் வகுப்பு, பார்ப்பது இலவசம். பைத்தானுக்கு 12 வாரத்தில் "ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்" என்ற வகுப்பு ஆரம்ப நிலைக்கு ஏற்றது. ஆங்கிலம்தான், ஆனால் மெதுவாகப் பேசுவார்கள், கீழே எழுத்தை ஓட விடலாம். வாரம் ஒரு பயிற்சித்தாள், அதற்குக் கடைசித் தேதி. எனக்கு அந்தக் கடைசித் தேதிதான் உதவியது.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். பத்து நிமிட அளவில் சின்னச் சின்ன வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு. ஒரு பக்கம் வீடியோ, மறு பக்கம் உங்கள் திரை என்று வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். சி, ஜாவா படிக்கிறவர்களுக்கு இது நல்ல துணை.

ஹார்வர்டின் சிஎஸ்50 வரிசையில் பைத்தானுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. இலவசம், எல்லாப் பயிற்சியும் முடித்தால் அவர்கள் தரும் சான்றிதழும் இலவசம். பயிற்சிகள் கடினம், ஆங்கிலம் வேகம். இரண்டாவது மாதத்துக்கு மேல் எடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வழியில் போகிறவர்களுக்கு ஃப்ரீகோடுகேம்ப், பிரவுசரிலேயே படி படியாக எழுதிப் பழகலாம். லினக்ஸ், டேட்டாபேஸ் போன்றவற்றைத் தமிழில் படிக்கக் கணியம் அறக்கட்டளையின் இலவச மின்னூல்கள் இருக்கின்றன.

யூடியூபில் தமிழ் வீடியோ பார்க்கும்போது ஒரு சோதனை: பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டினால் அது பைத்தான் 2. அதற்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

டேட்டா கணக்கும் பார்க்க வேண்டும். 480பி-யில் ஒரு மணி நேரம் சுமார் அரை ஜிபி தின்னும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் ஒரு மணி நேர வகுப்பு, அரை மணி நேரத் தேடல் தாராளமாக வரும். வீட்டில் இரண்டு பேர் அதே நெட்டில் இருந்தால் ஆஃப்லைனில் சேமித்துப் பாருங்கள்.

6. முதல் 100 நாள்: என்ன எழுதுவது

தினம் ஒரு மணி நேரம். அதில் 20 நிமிடம் பார்ப்பது, 40 நிமிடம் எழுதுவது. நான் செய்தது தலைகீழ், ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்து, "புக்கை மூடு, போனைத் திருப்பிப் போடு, இப்ப எழுது பாப்போம்" என்றார். அன்றுதான் எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது தெரிந்தது. கற்கத் தொடங்கியதும் அன்றுதான்.

பயிற்சிக்கு எங்கோ இருக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியல் வேண்டாம். நம் வீட்டுக் கணக்கு போதும். நான் எழுதிய வரிசையைச் சொல்கிறேன்.

முதல் பத்து நாள், அம்மாவின் மீன் கணக்கு. ஏலத்தில் எடுத்த கூடை விலை, ஐஸ், வண்டிக் கூலி, விற்ற பணம். நான்கையும் கேட்டு, லாபமா நஷ்டமா என்று சொல்ல வேண்டும். இங்கேயே முதல் பள்ளம் வரும். இன்புட் மூலம் வாங்கும் எதையும் பைத்தான் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 55 என்று வரும். அதை எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும், இன்ட் என்ற சொல்லால். இதில் மாட்டாத ஆளே கிடையாது.

அடுத்த பத்து நாள், கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும், 500-ஐத் தாண்டினால் படிக்கட்டே மாறும். உங்கள் வீட்டு பில்லை எடுத்து அதில் உள்ள விலையைப் போட்டு எழுதுங்கள். விடை பில்லோடு ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். நிபந்தனைச் சொற்களான இஃப், எலிஃப், எல்ஸ் மூன்றும் இந்த ஒரே கணக்கில் கைக்குள் வந்துவிடும். 100, 101, 500, 501 என்று ஓரத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். நான் பார்க்கும் டெஸ்டிங் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

முப்பதாவது நாள் வாக்கில், சீட்டு. 20 பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். ஒருவர் 18,000 தள்ளி எடுக்கிறார். கமிஷன் 5,000 போக மிச்சம் 13,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 650. அந்த மாதம் ஒருவர் கட்ட வேண்டியது 4,350. இதை 20 மாதத்துக்கும் லூப்பில் ஓட்டி, கடைசியில் எடுத்தவருக்கு மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடியுங்கள். நான் எழுதிக் காட்டியபோது அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து வரிக்கு வரி சரிபார்த்தாள். இரண்டு இடத்தில் என் புரோகிராம்தான் தப்பு.

ஐம்பதுக்கு மேல், வியாசர்பாடி பக்கம் நடக்கும் ஃபுட்பால் போட்டி மாதிரி ஒரு பட்டியல். எட்டு அணி, வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, புள்ளி சமமானால் கோல் வித்தியாசம். லிஸ்ட், டிக்ஷனரி (பெயரைச் சொன்னால் அதன் மதிப்பைத் தரும் பட்டியல்), ஃபங்ஷன் எல்லாம் இதில் தேவைப்படும். எண்பதுக்கு மேல், மீன் கணக்கையே தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேமித்து, மாத முடிவில் எந்த மீனில் லாபம் என்று எடுக்கும்படி மாற்றுங்கள். இன்டர்வியூவில் நான் காட்டிய ஒரே புராஜெக்ட் அதுதான். அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள்.

வீட்டில் இடம் இல்லை, டிவி சத்தம் என்றால் வெளியே போங்கள். கொளத்தூர், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் கடற்கரை ரயிலில் வந்து மாறினால் பக்கம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு, ஆனால் திருவொற்றியூரிலிருந்து போய்வரவே பாதி நாள் ஆகும். வாரம் ஒரு முறைக்கு மேல் கட்டுப்படியாகாது. நான் பெரும்பாலும் விடியற்காலை நாலரைக்கு, அம்மா மீன் ஏலத்துக்குக் கிளம்பிய பிறகு, வீட்டிலேயே எழுதினேன்.

7. சிவப்பு எழுத்தைப் பார்த்து மூடாதீர்கள்

பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன பிழை என்பது கடைசி வரியில், எத்தனையாவது வரி என்பது அதற்கு மேலே. புதியவர்களை நிறுத்திவைப்பவை திரும்பத் திரும்ப இவையே: வரியின் தொடக்கத்தில் இடைவெளி ஒரே அளவில் இல்லாதது. இஃப், ஃபார் வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) விட்டுப்போனது. வாட்ஸ்அப்பில் வந்த கோடை அப்படியே ஒட்டியதால் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியது. கோப்புக்கு ரேண்டம் அல்லது டர்ட்டில் என்றே பெயர் வைத்தது. கடைசியில் சொன்னது ரொம்ப ஏமாற்றும், பைத்தான் தன் சொந்த ரேண்டமை விட்டுவிட்டு உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு குழம்பும். கோப்பின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் பிழைச் செய்தியைக் கொடுத்து "இதற்குத் தமிழில் அர்த்தம் சொல், கோடு எழுதித் தராதே" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் நூறு நாளும் அது கற்கும், நீங்கள் கற்க மாட்டீர்கள்.

8. காசு கட்டும் கோர்ஸ்: கையெழுத்துக்கு முன்

நல்ல பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன, தனியாக உட்கார்ந்தால் ஓடாது என்பவர்களுக்கு அவை தேவையும்கூட. ஆனால் மேலே சொன்ன முதல் முப்பது நாளை நீங்களே முடிக்காமல் எங்கும் கட்டாதீர்கள். அடிப்படை தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

என் கதையில் நடந்தது இது. "சார்ஜ் இல்லாத இஎம்ஐ, மாசம் நாலாயிரம்தான், இன்னைக்கு மட்டும் ஆஃபர்" என்றார்கள். ஆதார், பான், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஒரு செல்ஃபி, ஒரு ஓடிபி. பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் பயிற்சி நிலையத்துக்குத் தவணை கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் கொடுத்து, அந்தப் பணம் மொத்தமும் முதல் நாளே அவர்களுக்குப் போய்விட்டது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன், தவணை நிற்கவில்லை. இரண்டு தவணை தவறியதில் சிபில் மதிப்பெண் இறங்கி, பின்னால் அண்ணன் வண்டி வாங்கக் கேட்ட கடனுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாமல் போனது.

அதனால் இவற்றைக் கேட்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்:

கடன் கொடுப்பது யார், அந்த நிறுவனத்தின் பெயர் என்ன? ரிசர்வ் வங்கி விதிப்படி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த விவரத்தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதைக் கேளுங்கள்.

டிஜிட்டல் கடனில் "கூலிங் ஆஃப்" காலம் எத்தனை நாள்? அந்த நாட்களுக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் திருப்பிக் கொடுத்தால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம்.

பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வாயால் சொன்னதை இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். "பிளேஸ்மென்ட் கேரன்டி" என்றால் கேரன்டியா, உதவியா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வரும்போது அது பெரும்பாலும் உதவியாக மாறிவிடும்.

இரண்டு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? விளம்பர வகுப்பு வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் பேட்ச். அதில் மாணவர்கள் தாங்களே எழுதுகிறார்களா, பார்த்துத் தட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்தால் அதன் மேல் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் தேதியையும் குறுக்கே எழுதுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் இருந்தால் வழக்குக்கு வலு கூடும். இவை எதையும் நான் வைத்திருக்கவில்லை.

9. சான்றிதழ் வேண்டுமென்றால்

வேலைக்குச் சான்றிதழைவிட எழுதிய புரோகிராம் முக்கியம். இருந்தாலும் பி.காம்., பி.ஏ. முடித்தவர்களின் ரெஸ்யூமேவில் கணினி என்று காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் முதல் வடிகட்டலில் உதவும். நான் எடுத்தது என்பிடெல். தேர்வுக் கட்டணம் அப்போது 1,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை ஸ்கேன் செய்து தயாராக வையுங்கள்.

ஜனவரியிலும் ஜூலையிலும் வகுப்பு தொடங்கும், தேர்வு ஏப்ரல், அக்டோபர் வாக்கில். வகுப்பில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் தனித்தனி. சேர்ந்துவிட்டோமே என்று இருந்து தேர்வுப் பதிவின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் தடவை நானும் அப்படித்தான் ஆறு மாதம் காத்திருந்தேன். வாரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் குறைந்தது 10-ம் தேர்வில் குறைந்தது 30-ம் இரண்டும் வாங்கினால்தான் சான்றிதழ்.

பதிவில் பெயரை ஆதாரில் இருக்கிறபடியே அடியுங்கள், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட. பிறகு திருத்துவது பெரும்பாடு. தேர்வன்று ஹால் டிக்கெட்டை அச்சிட்டு, அடையாள அட்டையின் ஒரிஜினலோடு போங்கள். போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். சென்னையில் மையத்தைத் தேர்வு செய்தாலும் அது நகரின் எந்த மூலையிலும் விழலாம். எனக்கு எண்ணூர் பக்கத்திலிருந்து தாம்பரம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. முதல் ரயிலைப் பிடியுங்கள்.

10. கூட ஒருவர்

சென்னையில் பைத்தான் பயன்படுத்துகிறவர்களின் சென்னைபை குழுவும், லினக்ஸ் ஆட்களின் ஐஎல்யுஜிசி குழுவும் கூட்டம் நடத்துகின்றன. இலவசம், மாணவர்கள் போகலாம். முதல் கூட்டத்தில் பேசுவதில் முக்கால்வாசி புரியாது, பரவாயில்லை. நான் மூன்றாவது தடவைதான் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் சொன்னவர்தான் பின்னால் எனக்கு இன்டர்வியூவுக்கு வழி காட்டினார்.

அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் தெருவிலேயே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், அந்த வாரம் எழுதியதை ஒருவருக்கொருவர் விளக்குங்கள். எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஐந்து பேர் அப்படி உட்காருகிறார்கள். போன வாரம் கரண்ட் பில் கணக்கில் 500-க்கும் 501-க்கும் நடுவில் ஒரு சண்டை நடந்தது, இன்னும் தீரவில்லை. இந்த ஞாயிறு ஆளுக்கு ஒரு வீட்டு பில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.